அசதிக்கு அமுக்கரா போதுமா?

மும்பையில் நாலு தமிழ் ஆட்கள் கூடினால் பேச்சு லோக்கல் ரயில் நெரிசலில் ஆரம்பித்து அசதியில்தான் போய் நிற்கிறது. உடனே ஒருவர் அஸ்வகந்தா மாத்திரையைச் சிபாரிசு செய்வார். நம்ம அமுக்கராக் கிழங்குதான் அது. டப்பாவுக்குள் போனதும் விலை ஏறிவிட்டது. பாலாவியில் அவித்து, உலர்த்தி, இடித்துச் சலிப்பது சித்த முறை. ஒடித்து முகர்ந்தால் குதிரை லாயத்து வாடை அடிக்கும்.

மன அழுத்தம், தூக்கம் இரண்டுக்கும் ஓரளவு பலன் உண்டு என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அரிதாகக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. டென்மார்க் 2023இல் தடையே போட்டுவிட்டது.

எங்கள் சாலில், அதாவது வரிசைவீட்டுக் குடியிருப்பில், ஒரு அக்கா அமுக்கராவை லேகியமாகத் தின்று தீர்த்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8! பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அமுக்கரா என்ன செய்யும், பாவம்?

இப்போது டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையோடு நெல்லிக்காயும் சாப்பிடுகிறார். வைட்டமின் சி இரும்பை உடம்பில் நன்றாகச் சேர்க்கும். டீ அதைத் தடுக்கும். அதனால் மாத்திரை நேரத்தில் கட்டிங் சாய் கூடாது என்றதற்குத்தான் அக்காவுக்குக் கோபம்.