டாங்கிளுக்குப் பக்கத்தில் இருந்த எதிரி

லினக்ஸில் வைஃபை மக்கர் செய்தால் "டிரைவர்தான்" என்று, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளில்தான் கோளாறு என்று, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். நானும் சொன்னேன். ஒரு வாரம் அதிலேயே போனது.

கணினி கேபினட்டின் பின்பக்க யூஎஸ்பி துளையில் செருகிய சின்ன வைஃபை டாங்கிள், கணினிக்கு வைஃபை தரும் குட்டிக் கருவி. இணைப்பு அறுந்தது போலவும் இருக்கும், அறுந்திருக்காது. அதே மேசையில் இருந்த போனில் வீடியோ தடையில்லாமல் ஓடியது, ஆக ரவுட்டர்மேல் பழி போட முடியாது. வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையைத் தட்டினேன், எந்தத் தடையும் இல்லை. கணினியின் உள்பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் டிரைவர் ஒழுங்காக ஏறியிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்தேன், பயனில்லை.

அடுத்த சந்தேகம் பவர் சேவ். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃபிக் கோப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்தது, அதாவது மின்சேமிப்பு இயங்குகிறது. 2 ஆக்கினால் அணைந்துவிடும். மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்தேன். சும்மா இருக்கும்போது வந்த இழுவை நின்றது. அப்பாடா என்று பேக்கப் எடுக்க உட்கார்ந்தால், மறுபடி அதே கதை!

அப்போதுதான் புத்தி வந்தது. ஒரு டெர்மினலில் ரவுட்டருக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை), இன்னொன்றில் இணைப்பின் நிலையைக் காட்டும் ஐடபிள்யூ லிங்க் கட்டளையை நொடிக்கொரு முறை ஓடவிட்டேன். சிக்னல் மைனஸ் 50 டிபிஎம் பக்கம், அருமையான அளவு. ஆனால் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் நகரத் தொடங்கியதும் பிட்ரேட், அதாவது இணைப்பின் வேகம், 72 எம்பிபிஎஸ்ஸில் இருந்து 6.5-க்கு விழுந்தது. 3 மில்லிசெகண்டில் வந்த பிங் 800-ஐத் தொட்டது, பாதி வரவேயில்லை. காப்பியை நிறுத்தினேன், உடனே சரியானது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே.

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறதாம். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. என் டாங்கிளும் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் கேபிளும் ஒட்டி ஒட்டி இருந்த துளைகளில். ரவுட்டர் பேசுவது நன்றாகக் கேட்கும் தூரம்தான், ஆனால் காதருகே ஒருவர் கத்திக்கொண்டே இருந்தால்? டாங்கிள் 2.4 மட்டுமே பிடிக்கும் ரகம், 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவவும் வழியில்லை.

டிராயரில் கிடந்த யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்து, டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வைத்தேன். அவ்வளவுதான். பேக்கப் ஓடும்போதும் பிட்ரேட் 65-க்குக் கீழே இறங்கவில்லை.

பவர்சேவ் இன்னும் 2-இலேயே இருக்கிறது. அதைத் தொடத் தைரியம் வரவில்லை.