சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது?

ஓர் ஆர்டரில் வாடிக்கையாளர் விவரம் இல்லாமல் இருக்கலாம். அது இருந்தாலும் முகவரி இல்லாதிருக்கலாம். முகவரி இருந்தும் அஞ்சல் குறியீடு விடுபட்டிருக்கலாம். இத்தகைய தரவிலிருந்து அந்தக் குறியீட்டை எடுப்பதற்கு, நிரலில் ஒன்றினுள் ஒன்றாக மூன்று இஃப் (if) நிபந்தனைகளை, சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒன்றாக, எழுதுவதே நெடுநாள் என் வழக்கமாக இருந்தது. வேலை ஒரு வரிதான், அதற்குக் காவல் ஆறு வரி.

1965-இல் அல்கால் டபிள்யூ என்ற நிரல்மொழியில் நல் (null) குறிப்பை, அதாவது எதையும் சுட்டாத வெற்றுக் குறிப்பைச் சேர்த்த கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றார். அதன்பின் வந்த பல மொழிகள் ‘மதிப்பு இல்லாமலும் போகலாம்’ என்பதை டைப்பிலேயே (தரவு வகையிலேயே) சொல்ல வைக்கின்றன. 2014-இல் வந்த ஜாவா 8-இன் ஆப்ஷனல் அத்தகையது: மதிப்பு இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம் என்ற ஒரு பெட்டி. பெட்டியிலுள்ள மதிப்பை நாம் கொடுக்கும் செயற்கூறுக்கு அனுப்பும் மேப்பையும் ஃபிளாட்மேப்பையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு: அந்தச் செயற்கூறே ஓர் ஆப்ஷனலைத் திருப்பித் தருமானால், மேப் அதை இன்னோர் ஆப்ஷனலுக்குள் வைத்துப் பெட்டிக்குள் பெட்டியாக்கிவிடும், ஃபிளாட்மேப்போ ஒரே பெட்டியாகத் தரும்.

ஸ்விஃப்ட், கோட்லின், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் கேள்விக்குறியும் புள்ளியும் (?.) இதே வேலையைச் சுருக்கமாகச் செய்கின்றன, ஆனால் ஒரே மாதிரி அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் முதல் கண்ணி வெறுமையானால் அதன் பின்னுள்ள சங்கிலி முழுவதுமே கைவிடப்படுகிறது. கோட்லினில் அந்த வெறுமை அடுத்த கண்ணிக்கும் கடந்து செல்வதால், அங்கும் கேள்விக்குறி போட வேண்டியிருக்கிறது.

இந்தச் சுருக்கத்தில் மயங்கி எல்லாக் கண்ணிகளிலும் கேள்விக்குறி போட்ட ஒரு நிரலில், சர்வர் தரப்பில் ஒரு புலத்தின் பெயர் மாறியதை நான் பல நாள் கவனிக்கவில்லை. நிரல் முறிந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது பணிவாக வெறுமையைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. (அந்தப் பணிவுக்குக் காரணமும் நான்தான்.)

ஆகவே இப்போது, உண்மையிலேயே இல்லாமல் இருக்கக்கூடிய புலத்திற்கு மட்டுமே கேள்விக்குறியைப் பயன்படுத்துகிறேன். கட்டாயம் இருக்க வேண்டியதைத் தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே சோதித்து, இல்லையெனில் பிழை எழுப்புகிறேன். ரஸ்ட் மொழியில் இதற்கு ஓக்கே_ஆர் (ok_or) என்ற செயற்கூறு இருக்கிறது: ஆப்ஷன் (ஆப்ஷனல் போன்ற பெட்டி) வெறுமையாக இருந்தால், நாம் கொடுக்கும் பிழையைத் தாங்கிய ரிசல்ட்டாக (மதிப்பு அல்லது பிழை கொண்ட வகையாக) அதை மாற்றும், அதைத் தொடரும் கேள்விக்குறி அந்தப் பிழையோடு செயற்கூற்றிலிருந்து வெளியேறும். வாடிக்கையாளர், முகவரி, குறியீடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பிழை கொடுத்தால் வரிகள் சற்றே நீளும், ஆனால் முகவரியில் அறுந்ததா, குறியீட்டில் அறுந்ததா என்பது நிரலின் பதிவேடான லாகைத் திறந்தவுடன் தெரிந்துவிடும்.