54 டிகிரி தெற்கு: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 7

பாக்லாந்துத் தலைநகர் ஸ்டான்லியை விட்டுப் பயணிகளோடு கப்பல் கிளம்பியாயிற்று. மேற்குக் காற்று. அக்காவிடமிருந்து தகவல் இல்லை.

நவம்பர் 8

நாள் முழுக்க பூட்ஸ் வேலை. ஜாக்கெட், முதுகுப்பை, காமிரா ஸ்டாண்டின் கால் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வெல்க்ரோவுக்குள் புல்விதை போய் உட்கார்ந்துகொண்டால் இடுக்கியால்தான் எடுக்க முடியும். தெற்கு அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவில் கால் வைக்குமுன் அதிகாரிகள் கப்பலுக்கே வந்து சோதிப்பார்கள். சரியில்லை என்றால் திரும்பக் கழுவ வேண்டும், அதுவரை யாரும் இறங்க முடியாது.

ஒரு பயணி, வெறும் பாறையும் பனியும்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்டார். வேலை நேரத்தில் விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இங்கே எழுதிவிடுகிறேன். 1775-இல் ஆங்கில மாலுமி கேப்டன் குக் இந்தத் தீவில் இறங்கி, கடல்நாய்கள் நிறைய இருப்பதாக எழுதிவைத்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேட்டைக் கப்பல்கள் வந்துவிட்டன. 1800-01 பருவத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த 'அஸ்பேசியா' என்ற ஒரே கப்பல் 57,000 ரோமக் கடல்நாய்த் தோல்களை ஏற்றிக்கொண்டு போனது. 1820-களில் இங்கே வந்த வெடல் என்ற மாலுமி, அதுவரை போன தோல்கள் 12 லட்சம் என்று கணக்கிட்டார். அனுமதிச் சீட்டு கிடையாது, வரம்பு கிடையாது, ஆண் பெண் பார்க்கவில்லை. கடைசியில் அந்த இனத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கெடுபிடி இல்லாத காலம் அப்படி இருந்தது ஐயா.

நவம்பர் 9

அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றாம். ரிப்போர்ட் வியாழக்கிழமை.

நவம்பர் 10

வாட்ச் முடிந்தும் தூக்கம் வரவில்லை. கப்பல் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் லைசென்ஸ் விதிகளைத் திரும்பப் படித்தேன். இது வேறு இனம், உருவத்தில் பெரிய யானைக் கடல்நாய். அதன் வேட்டைக்கு 1910-இல் கொடுக்க ஆரம்பித்த லைசென்ஸ். கொடுத்தது பாக்லாந்து அரசு, முக்கியமாக வாங்கியது இந்தத் தீவின் கிரிட்விக்கனில் திமிங்கல எண்ணெய் ஆலை நடத்திய ஆர்ஜென்டினக் கம்பெனி.

தீவின் கரையை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் மூன்றில்தான் வேட்டை, நான்காவதுக்கு ஓய்வு. அடுத்த வருடம் ஓய்வு வேறு பிரிவுக்கு மாறும். சில கரைகளை எப்போதுமே தொடக்கூடாது. வளர்ந்த ஆணை மட்டும் கொல்லலாம். பெண்ணும் குட்டியும் கூடாது. மொத்தம் வருடத்துக்கு 6,000.

எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! ஒரு பெரிய ஆண், கரையில் பத்துக்கணக்கான பெண்களைத் தன் வளைப்புக்குள் வைத்திருக்கும். இடம் கிடைக்காத ஆண்கள் ஓரத்தில் காத்துக் கிடக்கும். ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடும், அடுத்த வருடக் குட்டிகள் குறையாது. கொழுப்பு அதிகம் இருப்பதும் ஆணிடம்தான். அதனால் கம்பெனியும் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்டது. விதி இத்தனை காலம் நின்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கருணையால் எழுதிய விதி இல்லை. அடுத்த வருடமும் எண்ணெய் வேண்டும் என்று எழுதியது. ஆனாலும் அந்தப் பெண் கடல்நாய்கள் பிழைத்தன. அதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

அப்பா சங்கு குளித்த காலத்தில் 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது என்பது விதி. கரையில் அளந்து பார்ப்பார்கள். அளக்கிற ஆள் வராத நாளில் என்ன நடக்கும் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

இங்கே அளக்க யார் இருந்தார்கள்? அந்த ஆலையைத் தொடங்கிய நார்வேக்காரர் லார்சன் 1904-இல் வந்து இறங்கினார், யாரையும் கேட்கவில்லை. 1906-லிருந்துதான் குத்தகை, வருடம் 250 பவுண்டு. 1909 நவம்பரில் வில்சன் என்ற மாஜிஸ்திரேட் வந்தார். 170 கிலோமீட்டர் நீளத் தீவுக்கு ஒரே அரசு அதிகாரி. கம்பெனியின் படகில்லாமல் அவர் எந்தக் கரையைப் போய்ப் பார்த்திருப்பார்?

நவம்பர் 11

கிரிட்விக்கன். சோதனையில் தேறிவிட்டோம்.

கரையில் 'பெட்ரல்' கிடக்கிறது. 1928-இல் கட்டிய திமிங்கல வேட்டைக் கப்பல், கடைசி வருடங்களில் கடல்நாய் வேட்டைக்குப் போனது. பக்கத்தில் 'டயஸ்', 'அல்பட்ரோஸ்'. எல்லாம் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருக்கின்றன. பயணிகள் அண்டார்க்டிக் ஆய்வுப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறைக்குப் போய்விட்டார்கள். நான் படகுக்குக் காவல் என்பதால் 'பெட்ரல்' பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

வேட்டை எப்படி நடந்தது என்று படித்தது மனதை விட்டுப் போகவில்லை. இரும்புக் குழாயால் தட்டித் தட்டி அந்த மிருகத்தைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் நடக்கவைப்பார்கள். அங்கே வைத்துத் தலையில் சுடுவார்கள். தூக்குகிற வேலை மிச்சம்! தோலும் கொழுப்புமாக உரித்து, கயிறு கட்டித் தண்ணீர் வழியாகவே படகுக்கு இழுத்துப் போவார்கள். மீதி உடல் கரையில் கிடக்கும். 1964 வரை இப்படி இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

நடுவில் ஒரு கட்டம். 1940-களின் கடைசியில் 6,000 என்ற வரம்பைத் தளர்த்தினார்கள். பெரிய ஆண்கள் குறைந்து, சின்ன வயது ஆண்கள் அதிகம் விழ ஆரம்பித்தன. கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், வயது இருக்காது. ரிச்சர்ட் லாஸ் என்ற இளைஞர் கோரைப்பல்லை அறுத்துப் பார்த்தார். உள்ளே வருடத்துக்கு வருடம் வளையம். வயதைப் பல்லே சொல்லிவிட்டது. அவர் சொன்னபடி 1952-லிருந்து ஒதுக்கீட்டை மாற்றினார்கள், கொன்றவற்றின் பற்களைச் சேகரித்து வயது பார்க்க ஆரம்பித்தார்கள். கொல்லப்படும் ஆண்களின் சராசரி வயது மறுபடி ஏறியது. நைஜல் பானர் போன்றவர்கள் வேட்டை ஆய்வாளராகவே இங்கே வேலை பார்த்தார்கள்.

விதி நல்லதா கெட்டதா என்பது அதை எழுதியபோது முடிவாகவில்லை. பல்லைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு ஆள் வந்தபோதுதான் முடிவானது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

நவம்பர் 12

அதே தீவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடா. அலை அடங்க இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஒரே நேரத்தில் கரையில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது, அதனால் பாதிப் பேர் படகிலேயே சுற்றினார்கள்.

ஒரு ஆண் யானைக் கடல்நாயைக் கிட்டத்தில் பார்த்தேன். கிட்டம் என்றால் விதி அனுமதிக்கிற தூரம். கழுத்துத் தோல் முழுக்கப் பழைய காயம், ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ப்புக் காய்த்து, சுறாத்தோல் மாதிரி சொரசொரவென்று. வலது கண்ணுக்குக் கீழே புதுக் கிழிசல், இரத்தம் இன்னும் காயவில்லை. மூச்சு விடும்போது மூக்கு நுனி நடுங்கிச் சளி தெறித்தது. நாற்றம் வயிற்றைப் பிரட்டுகிறது. பக்கத்தில் பால் மறந்த குட்டிகள் உருண்டையாகக் கிடந்தன. ஒன்று என் பூட்ஸை நோக்கி நகர்ந்து வந்தது, நான் பின்னால் பின்னால் போனேன்.

அந்த ஆண் என்னைப் பார்த்தது, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது. பயமே இல்லை. குழாயால் தட்டினால் நடந்திருக்கும்தான்.

கரையில் வெற்றிடம் நிறைய இருப்பதாக வழிகாட்டி சொன்னார். முன்பெல்லாம் காலை எடுத்து வைக்க இடம் இருக்காதாம்.

நவம்பர் 13

வியாழன். நெட் இல்லை.

நவம்பர் 14

நெட் வந்தது. இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். எதற்கு என்று டாக்டர் சொல்லவில்லையாம். அக்காவிடம் கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள்?

இன்னொரு செய்தி. இந்தத் தீவின் மூன்று பெரிய கரைகளில் 2022-க்கும் 2024-க்கும் இடையே குட்டி போட வந்த பெண் யானைக் கடல்நாய்கள் 47 சதவீதம் குறைந்திருக்கின்றன. வானத்திலிருந்து படமெடுத்து எண்ணியிருக்கிறார்கள். காரணம் பறவைக் காய்ச்சல். 2023-இல் ஆர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 17,000 குட்டிகளுக்கு மேல் செத்தது படித்திருந்தேன். அதே பருவத்தில் இங்கேயும் நோய் வந்துவிட்டது.

பெண்கள். எந்தப் பெண்ணைத் தொடாதே என்று அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டம் சொன்னதோ, அதே பெண்கள். எண்ணெய்க்காக அலைந்த கம்பெனிகூட விட்டுவைத்தது. எந்த மாஜிஸ்திரேட் இதற்கு அபராதம் போடுவார்?

நேற்று முன்தினம் பார்த்த வெற்றிடம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. செத்துப் போனவை எத்தனை, வராமல் போனவை எத்தனை என்று இனி வருடா வருடம் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். ஒரு வருடம்கூட விட்டுவிடக் கூடாது.

இரவு எட்டு மணிக்கு பூட்ஸ் கழுவினேன். எல்லாருடையதையும் கழுவினேன். கிருமிநாசினியில் கை வெந்துவிட்டது.

நவம்பர் 15

அப்பாவே பேசினார். குரல் கம்மியிருந்தது. "ஏலே, அங்க குளிர் எப்படி, சாப்பிடுதியா" என்றார். டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 16

கடலில். இதே நாளில்தான் 1904-இல் லார்சன் கிரிட்விக்கனில் இறங்கினார். கப்பலில் யாருக்கும் நினைவில்லை.

கடைசி லைசென்ஸ் பருவம் 1964. அதை நிறுத்தியது பரிவு இல்லை. திமிங்கலங்களை ஒழித்தாயிற்று, ஆலை மூடியாயிற்று, கடல்நாய் எண்ணெய்க்காக மட்டும் ஆலை ஓட்டினால் கட்டாது. 1972-இல் அண்டார்க்டிக் கடல்நாய்களுக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் அது 60 டிகிரிக்குத் தெற்கே மட்டும்தான். இந்தத் தீவு 54. இதைக் காப்பது தீவு அரசின் சொந்தச் சட்டம்தான். சட்டத்துக்குப் பின்னால் இங்கே நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்கள் மிகச் சிலர்.

ஆர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில் இறக்கிவிட முடியுமா என்று கேப்டனிடம் கேட்டிருக்கிறேன். மாற்று ஆள் கிடைத்தால் சொல்கிறேன் என்றார்.

நவம்பர் 17

பெரிய அலை. எழுத முடியவில்லை. மாற்று ஆள் பற்றி இன்னும் பதில் இல்லை, டெஸ்ட் நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு, அங்கே ஒன்பது என்றால் இங்கே