லிங்கனுக்கு டயலாக் கிடையாது, சார்!

காமெடி நடிகர்களிடம் "உங்களுக்குப் பிடித்த சிரிப்பு கேசட் எது?" என்று மட்டும் கேட்கக் கூடாது. பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்த மாட்டார்கள். முழுசாக நடித்துக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

எங்கள் சபா நாடகக் குழுவில் எனக்கு நடிப்பு கிடையாது. காலிங் பெல், டெலிபோன் மணி, இடி, மழை இதெல்லாம் என் இலாகா. போன ஞாயிறு மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில் ஒத்திகை. ஹீரோ வழக்கம்போல "பக்கத்துல வந்துட்டேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், வரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கேள்வியைப் போட்டது, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஸ்டாண்ட்-அப் தம்பி.

அப்பா வேஷம் போடும் சார் உடனே எழுந்துவிட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கோயில் கொடை என்றால் குழாய் ஸ்பீக்கரில் கதை வசனம் அலறும். 'திருவிளையாடல்' 1965இல் வந்த படம். இவர் படத்தைப் பார்க்கும் முன்பே வசனத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர். தருமியாக நாகேஷ், எதிரே சிவாஜி, ரெண்டு குரலும் இவரே. கேள்வியும் பதிலும் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. திடீரென்று தொண்டையில் 'ப்ளுக்' என்று ஒரு சத்தம் எழுப்பிவிட்டு எங்கேயோ தாவிவிட்டார்.

"சார், நடுவுல ரெண்டு கேள்வி விட்டுப் போச்சு" என்றார் ஹீரோயின் மேடம்.

"அது கேசட்லயே கிடையாதும்மா."

விசாரித்தால், அவர் வீட்டு கேசட்டில் டேப் சிக்கி அறுந்துபோயிருக்கிறது. அண்ணன் அதை பிளேடால் நறுக்கி, செல்லோ டேப் ஒட்டி, ஓட்டையில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்திருக்கிறார். ஒட்டுப் போட்ட இடம் வரும்போதெல்லாம் ஒரு 'ப்ளுக்'. சார் அதையும் சேர்த்தே பாடம் பண்ணியிருக்கிறார்.

"அப்புறம் தியேட்டர்ல பார்த்தேன். எக்ஸ்ட்ராவா ரெண்டு கேள்வி வருது. எதுக்கு? நம்ம வீட்டு கேசட்டுதான் டைட்டா இருக்கும்."

மேடத்துக்கு எஸ்.வி. சேகர் நாடக கேசட்டுகள். அதிலும் ஜோக்கைவிட, கூடவே பதிவான சபா சிரிப்புதான் அவருக்கு ஞாபகம். "ஒரு மாமா சிரிச்சு முடிக்கும்போது இருமுவார். அந்த இருமல் வந்தாத்தான் எனக்கு அடுத்த வசனமே வரும்" என்றார். இதற்கு யாரும் சிரிக்கவில்லை, தலையாட்டினார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் டைமிங் கற்றது அப்படித்தான். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அது இறங்கும்போதே வாயைத் திறக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், சபாவில் ஈ எறும்பு சிரிக்காவிட்டாலும் அப்பா சார் கேசட் கணக்குக்கு நின்றுவிட்டுத்தான் பேசுவார். மறந்துவிட்டாரோ என்று பதறிப்போய் பிராம்ப்ட் செய்பவர் அடுத்த வரியை உள்ளேயிருந்து கத்துவார். அதற்குக் கட்டாயம் சிரிப்பு வரும்.

படுதா வரையும் ஓவியர் அதிகம் பேசாதவர். இங்கிலாந்தின் மான்டி பைத்தான் என்ற காமெடி கோஷ்டி 1973இல் விட்ட ஒரு இசைத்தட்டைப் பற்றிச் சொன்னார். அதில் ஒரு பக்கத்தில் மட்டும் பள்ளத்தை ஒன்றுக்குள் ஒன்றாக ரெண்டு தனி வரிசையாக வெட்டியிருப்பார்களாம். முள் எதில் விழுகிறதோ அந்த நிகழ்ச்சி ஓடும். நேற்று கேட்டது இன்று காணோமே என்று வாங்கியவன் திண்டாட வேண்டியதுதான். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சவுண்ட் எஃபெக்ட் கிடையாது, பொறாமையாக இருந்தது.

"எங்க அண்ணன் பிளேடாலயே பண்ணிட்டான்" என்றார் சார்.

கடைசியில் தம்பி முறை. அவன் கட்சி அமெரிக்க காமெடியன் பாப் நியூஹார்ட். சிகாகோவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர். நைட் கிளப் மேடையே ஏறியிராதவரை 1960இல் ஹூஸ்டனில் ஒரு கிளப்பில் நிறுத்தி முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அது விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய், பாட்டு ஆல்பங்களையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது. "நம்ம கிரேசி மோகனும் இன்ஜினியர்தானே" என்று மேடம் எடுத்துக் கொடுத்தார்.

நியூஹார்ட்டின் வித்தை டெலிபோன். இந்தப் பக்கம் பேசுவது மட்டுமே கேட்கும், மறுமுனையை நாமே ஊகித்துச் சிரிக்க வேண்டும். ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு விளம்பர ஏஜென்ட் இருந்து, 'நாலு இருபதும் ஏழும் ஆண்டுகளுக்கு முன்பு' என்று தொடங்கும் அவருடைய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரைக்கு முன்னால் போன் போட்டிருந்தால்? தம்பி கையைக் காதில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஹலோ ஏப், எப்படி இருக்கீங்க? ... என்னது, தாடியை எடுக்கப் போறீங்களா?"

"ஆமாம்ப்பா, அரிக்குது" என்றார் அப்பா சார்.

தம்பி சமாளித்துக்கொண்டு மேலே போனான். "நாலு இருபதும் ஏழும்னு அழகா எழுதிக் கொடுத்தேனே, அதை எண்பத்தேழுன்னு மாத்திட்டீங்களா?"

"தொகையை நேரா போட்டாத்தான் ஆடிட்ல கேள்வி வராது."

"சார்! லிங்கன் பேசக் கூடாது."

"ஏன்? அவர்தானே மெயின் கேரக்டர்?"

"அவருக்கு டயலாக் கிடையாது, சார். அதுதான் ஜோக்கே!"

"பிரசிடென்ட்டுக்கு டயலாக் இல்லைன்னா அப்புறம் என்ன ஸ்கிரிப்ட் அது?"

இதற்குள் மேடம் திருமதி லிங்கனாகி, "யாருங்க போன்ல?" என்று உள்ளே நுழைந்துவிட்டார். ஹீரோ வந்து சேர்ந்தபோது அமெரிக்க ஜனாதிபதி மாளிகையில் காபிக்குப் பால் இல்லை என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. தம்பி தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

ராத்திரி அவன் விடாப்பிடியாக வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆல்பத்தின் லிங்க்கை அனுப்பி, "அப்பா சார், தயவுசெய்து கேளுங்க" என்று எழுதியிருந்தான். மறுநாள் காலையில் சாரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு மெசேஜ்.

"முழுசா கேட்டேன். ஆளு நல்லா பேசுறாரு. ஆனா எதிர்ல பேசுறவர் குரல் ஒண்ணுகூட வரலை. நம்ம வீட்டு ஸ்பீக்கர்ல ஒரு பக்கம் போயிடுச்சு போல. நேரம் இருந்தா வந்து பார்க்க முடியுமா?"

மனுஷன் நிஜமாகத்தான் சொல்கிறாரா, தம்பியைச் சீண்டுகிறாரா என்று பிடிபடவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். ரெண்டு பக்கமும் நன்றாகத்தான் பாடியது.