ஒரு பைட்டுக்கு ஓர் இன்டரப்ட்

தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய சீரியல் போர்ட் என்றாலே எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்டரப்ட் சுமை. இன்டரப்ட் என்றால், ‘கைவேலையை நிறுத்தி என்னைக் கவனி’ என்று ஒரு சாதனம் பிராசஸருக்குத் தரும் சைகை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் கார்டில் இருந்தது 8250 சிப். வந்து சேரும் தரவை வைத்திருக்க அதில் ஒரே ஒரு பைட் இடம்தான். நொடிக்கு 115200 பிட் வேகத்தில், தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். நொடிக்கு 11520 பைட். அத்தனைக்கும் தனித்தனி இன்டரப்ட்! சுமார் 87 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை பிராசஸர் செய்துகொண்டிருப்பதை நிறுத்தி, ரெஜிஸ்டர்களில் (தன் உள் நினைவிடங்களில்) இருப்பதைப் பத்திரப்படுத்தி, பைட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். டிஸ்க்கை இயக்கும் டிரைவர் மென்பொருள் கொஞ்ச நேரம் இன்டரப்ட்டை அடைத்து வைத்தால் போச்சு, அடுத்த பைட் முந்தையதை அழித்துவிடும்.

அப்புறம் வந்த 16550ஏ எனக்கு மிகவும் பிடித்த சிப். உள்ளே 16 பைட் ஃபிஃபோ, அதாவது முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசை. (‘ஏ’ இல்லாத முதல் 16550-இல் அந்த ஃபிஃபோ சரியாக வேலை செய்யாது.) 14 பைட் சேர்ந்ததும் கூப்பிடு என்று அமைத்தால் நொடிக்கு 823 இன்டரப்ட்டோடு முடிந்துவிடும். ஆனால் மிச்சம் 2 பைட் இடம்தான். பதில் சொல்லத் தாமதிக்கும் மெஷின் என்றால் நான் 8-இல்தான் வைப்பேன்.