இலைசுருட்டிப் புழுவும் போசணை மட்டமும்

உயர்தர உயிரியல் மாணவர்களின் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் நான் காணும் குழப்பம், குடித்தொகையையும் சாகியத்தையும் இடம் மாற்றி எழுதுவதாகும். வரைவிலக்கணத்தை ஒப்புவிக்கச் சொன்னால் எவரும் தடுமாறுவதில்லை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலுள்ள தேயிலை மலையைக் காட்டி, "இதில் குடித்தொகை எது?" என்று கேட்டால்தான் வகுப்பு மௌனமாகிவிடுகிறது.

அம்மலையின் தேயிலைச் செடிகள், ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிரிகளின் தொகுதியாதலால், ஒரு குடித்தொகை. அவற்றை உண்ணும் இலைசுருட்டிப் புழுக்கள் இன்னொன்று. இவற்றோடு நிழலுக்கு நட்ட கிரவிலியா, ஓரத்து மானாப்புல், மண்புழு, மண்ணிலுள்ள பங்கசுக்கள் (பூஞ்சைகள்) என அங்கு வாழும் எல்லா இனங்களும் சேர்ந்ததே சாகியம். மண்ணும் மழையும் ஒளியும் பனிமூட்டமும் கூடினால் அது சூழற்றொகுதி. மனிதர் நட்டது சூழற்றொகுதியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு, ஆகும்.

இனி அந்தப் புழுவை நெருங்கிப் பார்ப்போம். அது இரண்டு மூன்று இலைகளைத் தன் பட்டு நூலால் ஒட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்தபடியே இலையைத் தின்கிறது. உணவுச் சங்கிலியின் படிகளான போசணை மட்டங்களில், தன் உணவைத் தானே தயாரிக்கும் தேயிலை உற்பத்தியாக்கி, அதைத் தின்னும் புழு முதல் நுகரி. இதைக் கட்டுப்படுத்துவதற்காக 1930களில் யாவாவிலிருந்து இலங்கைக்கு ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. குளவி என்றதும் கொழுந்து பறிக்கும் நம் தாய்மார் கொட்டுப்பட்டு வைத்தியசாலைக்குப் போவதுதான் நினைவுக்கு வரும். இதுவோ மனிதரைச் சீண்டாத மிகச் சிறிய பூச்சி. அது புழுவின் உடலுக்குள் இடும் ஒரு முட்டையே பல முளையங்களாக (கருக்களாக) பிரிந்து, அத்தனையும் புழுவைத் தின்று வளர்கின்றன. எனவே இக்குளவி இரண்டாம் நுகரி. ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 10 சதவீத சக்தியே கடத்தப்படுகிறது என்பதை மாணவர் அறிவர். ஆனால் மேல்மட்டத்திலுள்ள சிறு குடித்தொகையொன்று கீழ்மட்டத்தையே அடக்கிவைக்க முடியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அது பின்னர் நிரூபணமாயிற்று. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்னும் பூச்சிநாசினியைத் தெளித்தபோது, அது குளவியையும் கொன்றது; அதுவரை அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. உணவு வலை என்ற பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் கண்டதில்லை. புலி, மான், புல் என்று எழுதிக்கொண்டிருப்பதில் எனக்குச் சலிப்பு உண்டு.

அந்த வண்டைப் பற்றியும் ஒரு வினா. சுமார் 2 மில்லிமீற்றர் நீளமுள்ள அது தண்டில் குடைந்த சுரங்கத்தின் சுவரில், தான் சுமந்துவந்த பங்கசை வளர்க்கிறது; பங்கசுக்கு இருப்பிடமும் வண்டுக்கு உணவும் கிடைப்பதால் இது இரு தரப்புக்கும் நன்மை தரும் ஒன்றியவாழ்வு. அப்படியானால் வண்டு எந்தப் போசணை மட்டத்தில் நிற்கிறது? தண்டைத் துளைக்கிறதே என்று எண்ணி முதல் நுகரி என எழுதுபவர்களே அதிகம். வண்டு உண்பது தேயிலையின் மரத்தை அன்று. தேயிலையிலிருந்து உணவு பெறுவது பங்கசு. அந்தப் பங்கசை உண்பதே வண்டு.