பொய் சொன்னது முகமா, வாயா?

அந்த விசாரணை அறிக்கையின் மொழிபெயர்ப்பை அனுப்பி நாளாகிவிட்டது. ஆனாலும் அதில் ஒரு வாக்கியத்துக்கு நான் எடுத்த முடிவு சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. மேலாளர் மிரட்டியதாகப் புகார் கொடுத்த பெண்ணின் முக அமைதி அவருடைய வாக்குமூலத்தை என்ன செய்தது என்று சொல்ல, 'பிலை' (belie) என்ற ஆங்கில வினைச்சொல்லைப் போட்டிருந்தார் அறிக்கையை எழுதியவர். "பொய்யாக்கியது என்று எழுதிவிடலாமா, சார்?" என்று கேட்ட இளைய சக ஊழியர், நான் வாய் திறப்பதற்குள் தானே தயங்கினார்: "பொய் சொன்னது முகமா, வாயா?"

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லான 'பெலேயோகன்' என்றால் பொய் சொல்லி ஏமாற்றுவது. அதன் உறவான 'பெலூகன்' ஜெர்மன் மொழியில் இன்றும் ஒருவரிடம் பொய் சொல்வதைக் குறிக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் இந்தச் சொல் அவதூறு பேசுவதற்கு வழங்கியது. ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தில், இறந்த மனைவியைப் பழிக்கும் கணவன்மீது அவளுடைய பணிப்பெண் எமிலியா வீசுவது இந்தச் சொல்லைத்தான். மனிதர் செய்த அந்த வேலையைப் பின்னர் தோற்றங்களும் சான்றுகளும் செய்யத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. சிரித்த முகம் அச்சத்தை 'பிலை' செய்தால் பொய் முகத்தினுடையது; கணக்கேடு ஒருவரின் கூற்றை 'பிலை' செய்தால் பொய் அந்தக் கூற்றினுடையது. முதல் பொருளில் அந்தப் பெண் அச்சத்தை அடக்கிக்கொண்டு உண்மை பேசியவர். இரண்டாவதில் பொய் சொல்லி அகப்பட்டவர்.

நான் 'முரணாக இருந்தது' என்று எழுதினேன். மூலத்தில் தெளிவாக இல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் எழுத முடியாது என்பது என் வாதம். இன்றும் அதை விடவில்லை. முரண் என்று படிப்பவர்கள் அந்தப் பெண்ணைத்தான் சந்தேகிப்பார்கள் என்றார் சக ஊழியர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் சொன்னதே செயப்படுபொருளாக வரும்போது இரண்டாம் பொருள்தான் பெரும்பாலும் பொருந்தும் என்பதால், நான் மூலத்தைவிட மென்மையாக எழுதி, அறியாமலே அந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. நடுநிலை என்று நான் நினைத்தது, இரண்டு பக்கத்திலிருந்து பார்த்தாலும் நடுநிலையாகத் தெரியவில்லை.

அறிக்கை தந்த தரப்பிடம் விளக்கம் கேட்டதற்கு, மூலத்தில் உள்ளபடியே போடுங்கள் என்று பதில் வந்தது. அடிக்குறிப்பு போடலாம் என்றார் சக ஊழியர். விசாரணை அறிக்கையில் அது பரிந்துபேசுவதாகப் படும் என்று மறுத்தேன். இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் அவர் அடிக்குறிப்பு வேண்டும் என்றுதான் சொல்கிறார். நானும் வேண்டாம் என்கிறேன், முன்போல அழுத்தமாக அல்ல.